காசிமேட்டுக் கயிற்றுக் கடையில் ஒரு யூவி மீட்டர்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கயிறு, மிதவை, ஈயக்குண்டு, வலைநூல் எல்லாம் விற்கிறார். கொஞ்ச காலமாக அவருக்கு ஒரு தீராத வழக்கு. கடை முகப்பில் அடுக்கி வைக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் கயிற்றுச் சுருள்களில், தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்துப்போய், தேய்த்தால் விரலில் நீல மாவு ஒட்டுகிறது. சரக்கு அனுப்புகிறவர் மட்டமான கயிற்றைத் தலையில் கட்டுகிறார் என்பது அவர் கட்சி.

“வெய்யிலே படாத எடம் தம்பி. கடை வடக்கப் பாத்திருக்கு. மேல தகரம் வேற போட்டிருக்கேன். அப்பால இன்னாத்துக்கு உதிருது?”

நியாயமான கேள்விதான். பாலிபுரொப்பிலீனுக்குப் பெரிய எதிரி புற ஊதாக் கதிர், அதாவது யூவி. அது அங்கே எவ்வளவு விழுகிறது என்று அளந்துவிட்டால் சண்டை பாதி தீர்ந்துவிடும். பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் அதற்குத் தோதாக ஒரு கை மீட்டர் கிடைத்தது, ஓடாத நிலையில்.

சாம்பல் நிறப் பெட்டி. அதிலிருந்து சுருள் ஒயரில் தொங்கும் சென்சார் தலை. தலையின் நடுவில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய ஒரு சிறு வட்டு. முகப்பில் 290–390 நானோமீட்டர் என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு ரேஞ்ச்: சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிவாட் வரை ஒன்று, 20 மில்லிவாட் வரை இன்னொன்று. பின்மூடியைத் திறந்தால் 9 வோல்ட் பேட்டரியின் பொத்தான் முனை இரண்டிலும் பச்சை பூத்திருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோர வீடுகளில் எந்தக் கருவியைத் திறந்தாலும் இதே கதைதான். உப்புக்காற்று செம்பை விடாது.

எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பழைய டூத்பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்தேன், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவினேன். எலுமிச்சையோடு நிறுத்திவிட்டால் அந்த அமிலமே மிச்சச் செம்பைத் தின்ன ஆரம்பித்துவிடும், அதனால் இரண்டாவது கழுவல் கட்டாயம். இருந்தாலும் ஒயர் இன்சுலேஷனுக்குள்ளே ஒரு விரற்கடை தூரம் கறுத்திருந்தது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது கிளிப் வைத்துப் பற்றவைத்ததும் திரை எரிந்தது. ரேஞ்ச் சுவிட்ச் அழுத்தும்போதெல்லாம் எண் குதித்தது. அதற்குக் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு போதுமானதாக இருந்தது.

சென்சார் தலையில்தான் வேலை அதிகம். அந்த வட்டுக்கு டிஃப்யூசர் என்று பேர். நேராக வரும் ஒளி, சரிந்து வரும் ஒளி இரண்டையும் அந்தந்தக் கோணத்துக்கு உரிய அளவில் உள்ளே விடுவது அதன் வேலை. சரியான டிஃப்யூசரில் ஒளி 60 டிகிரி சரிந்து வந்தால் அளவு பாதியாக வேண்டும். இதில் இருந்த வட்டு மஞ்சளித்துப் பிசுக்கேறிக் கிடந்தது. மஞ்சள் என்றால் நீலத்தை விழுங்குகிறது என்று அர்த்தம், நீலத்தை விழுங்குவது புற ஊதாவை இன்னும் நன்றாக விழுங்கும். துடைத்துப் பார்த்தேன், பிசுக்கு போனது, மஞ்சள் போகவில்லை.

மாற்று வட்டு வெட்டுவதற்கு டெஃப்லான் தகடுதான் சரி. அது புற ஊதாவை விழுங்காது, நன்றாகச் சிதறவும் விடும், வெயிலில் மஞ்சளிக்காது. பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்கூட அதே டெஃப்லான்தான். அவசரத்துக்கு அதை நாலைந்து மடிப்பாக இழுத்துக் கட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் இழுத்த இழுப்பில் கனம் மாறி, ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. அதனால் வால்வு கேஸ்கட்டுக்கு விற்கும் அரை மில்லிமீட்டர் தகட்டில் வட்டமாக வெட்டிப் பொருத்தினேன்.

டிஃப்யூசரை மாற்றிய நிமிடமே கம்பெனி செய்து கொடுத்த அளவுத்திருத்தம் செத்துவிடும். இனி அது காட்டும் 4.5 உண்மையில் 4.5 தானா என்று சொல்ல முடியாது. என் வேலைக்கு அது பெரிய குறையில்லை. திறந்தவெளியில் விழுவதில் எத்தனை பங்கு கடை முகப்பில் விழுகிறது என்பதுதான் அண்ணன் கேள்விக்கான பதில். ஒரே மீட்டரில் எடுத்த இரண்டு எண்களின் விகிதம் அது, அளவுத்திருத்தப் பிழை மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடும். ஆனால் விகிதத்தை நம்புவதற்கு மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். இருட்டில் பூஜ்யம் காட்ட வேண்டும், ஒளி பாதியானால் எண்ணும் பாதியாக வேண்டும், புற ஊதா அல்லாத ஒளிக்கு அசையக் கூடாது.

இருட்டுச் சோதனை சுலபம். தலையைக் கறுப்புத் துணியில் சுற்றினால் கடைசி இலக்கத்தில் 2, 3 என்று நின்றது. வெயிலில் வைத்துப் பெட்டி சூடேறியதும் அது கொஞ்சம் மேலே ஏறியது. ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் ஒரு முறை மூடிப் பார்த்து, அந்த எண்ணைக் கழித்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன்.

பாதிச் சோதனைக்குப் பச்சை நிழல் வலை. மொட்டை மாடியில் நடுப்பகலில் ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு என்று தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் பிடித்து, வலையை மெதுவாக நகர்த்திக்கொண்டே சராசரி பார்த்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் எண் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்தது. கோணச் சோதனைக்கு, கள்ளநோட்டு பார்க்கும் 365 நானோமீட்டர் டார்ச்சை இருட்டறையில் ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தித் தலையைத் திருப்பினேன். 60 டிகிரியில் பாதிக்குச் சற்றுக் கீழே வந்தது, பரவாயில்லை. டார்ச் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் ஒவ்வொரு கோணத்துக்கும் பிறகு நேர்க்கோணத்துக்குத் திரும்பி வந்து சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது சோதனையை யாரும் தவிர்க்காதீர்கள், இப்போது மலிவாகக் கிடைக்கும் மீட்டர் வாங்குகிறவர்கள் முக்கியமாக. சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு சொற்பம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும்தான் பெரும்பகுதி. சென்சாரின் வடிகட்டி சுமாராக இருந்தால் அந்தப் பெரும்பகுதியில் துளி கசிந்தாலே கணக்கு கெட்டுவிடும். எல்.இ.டி. பல்புக்கு அடியில் சென்சாரை வைத்தால் எண் அசையக் கூடாது. குண்டு பல்ப் இருந்தால் இன்னும் நல்லது, அதில் அகச்சிவப்பு கொட்டும், புற ஊதா பேருக்குத்தான். கடைசியாக, தலைமேல் ஒரு பாலிகார்பனேட் துண்டை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். கண்ணுக்குப் பளிங்காகத் தெரியும் அந்தத் தகடு புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். என் மீட்டரில் எண் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. விழாமல் பாதியிலேயே நின்றால் அந்த மீட்டர் புற ஊதாவை அளக்கவில்லை, வெளிச்சத்தை அளந்துகொண்டிருக்கிறது.

கடைக்குப் போனது ஏப்ரல் கடைசி வாரம். வேண்டுமென்றேதான். சென்னை இருப்பது வடக்கு 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் 24, 25 வாக்கிலும், ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், கம்பத்துக்கு நிழலே இருக்காது. அந்த நடுப்பகலும் கடிகாரப் பன்னிரண்டு அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, நாம் அதற்கு மேற்கே 80.3-ல் இருக்கிறோம், ஆக ஏப்ரல் கடைசியில் உச்சிப்பொழுது 12 மணி 7 நிமிட வாக்கில் வருகிறது.

அந்த நாட்களில் துறைமுகத்தில் விசைப்படகெல்லாம் வரிசை கட்டி நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் இழுவலை போடும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் வலை பிரித்துச் சீர் செய்வது, கயிறு மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம். கவனித்தீர்களா? வருஷத்திலேயே புற ஊதா உச்சத்தில் இருக்கும் காலத்தில்தான் இங்கே வலையும் கயிறும் கரையில் குவிந்து கிடக்கின்றன. பருத்தி வலை இருந்த நாளில் வெயிலில் உலர்த்துவது அவசியமாக இருந்தது, ஈரமாக விட்டால் மக்கிவிடும். நைலானுக்கும் எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் நூலுக்கும் மக்கல் பயம் இல்லை, வெயில்தான் பயம். பழக்கம் மட்டும் பருத்தியோடது.

முதல் அளவு கடைக்கு எதிரே உள்ள வெற்றிடத்தில், தலையை வானம் பார்க்கக் கிடையாகப் பிடித்து. எண் 4.5-ஐச் சுற்றி ஆடியது. செல்போனில் வெளிச்சம் அளக்கும் ஆப்பில் ஒரு லட்சம் லக்ஸ்.

கடைப் பையன் தன் போனைக் காட்டினான். “யூவி இண்டெக்ஸ் 12னு போட்டிருக்குண்ணா. உங்க மிசின் நாலரைன்னு காட்டுது. எது கரீட்டு?”

இரண்டும் வெவ்வேறு கணக்கு. இண்டெக்ஸ் மனிதத் தோலுக்கானது. தோலைச் சிவக்க வைக்கும் திறனுக்கேற்ப ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு எடை உண்டு. 298 நானோமீட்டர் வரை முழு எடை. அதற்கு மேலே எடை மளமளவென்று சரிந்து, 360-ல் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படி எடை போட்டுக் கூட்டியதில் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் வந்தால் அது இண்டெக்ஸ் 1. இண்டெக்ஸ் 12 என்றால் சதுர மீட்டருக்கு 300 மில்லிவாட், அதையே சதுர சென்டிமீட்டருக்கு மாற்றினால் 0.03. என் மீட்டர் எடை எதுவும் போடாமல் 290 முதல் 390 வரை வந்ததையெல்லாம் வாரிக் கூட்டி 4.5 என்கிறது. நூற்றைம்பது மடங்கு வித்தியாசம், இரண்டுமே சரி. இதைப் பெருக்கி வகுத்து இண்டெக்ஸாக மாற்றிவிடலாம் என்று யாராவது ஒரு சூத்திரம் கொடுத்தால் வாங்காதீர்கள். காலையிலும் மாலையிலும் சூரியன் சரிந்திருக்கும்போது ஓசோன் வழியே ஒளி நெடுந்தூரம் வருவதால் 315 நானோமீட்டருக்குக் கீழே உள்ள யூவிபி, அதற்கு மேலே உள்ள யூவிஏவைவிட வேகமாகக் குறையும். உச்சிப்பொழுதில் பொருந்துகிற பெருக்கல் காலை எட்டு மணிக்குப் பொருந்தாது.

கயிற்றுக்கு இண்டெக்ஸ் தேவையில்லை. பாலிபுரொப்பிலீனைக் கெடுப்பதில் யூவிஏவுக்கும் பங்குண்டு, அதனால் இந்த மீட்டரே தோது.

அடுத்து தகரத்துக்கு அடியில், சுருள் அடுக்கியிருந்த இடத்தில். இங்கே தலையைச் சூரியனை நோக்கிப் பிடிக்கக் கூடாது. சுருளின் வெளிமுகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, சென்சாரும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். நானும் குறுக்கே நிற்கக் கூடாது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கினேன். அண்ணன் சொன்னது உண்மை, நேர்வெயில் ஒரு பொட்டுகூட இல்லை. வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு அந்த இடம் மங்கலாகவே தெரிந்தது. லக்ஸ் எட்டாயிரம், அதாவது வெளியே இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீட்டரில் 0.9.

ஐந்தில் ஒரு பங்கு. கண் பன்னிரண்டில் ஒன்று என்று சொன்ன இடத்தில் மீட்டர் ஐந்தில் ஒன்று என்கிறது.

வானம் நீலமாக இருப்பதற்கு என்ன காரணமோ இதற்கும் அதுதான். காற்று மூலக்கூறுகள் குறுகிய அலையை அதிகம் சிதறடிக்கும், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக. 550 நானோமீட்டர் பச்சை ஒளியோடு ஒப்பிட்டால் 350 நானோமீட்டர் புற ஊதா ஆறு மடங்கு சிதறுகிறது. ஆகவே சூரியன் உச்சியில் இருக்கும்போதுகூடத் தரைக்கு வரும் புற ஊதாவில் கணிசமான பங்கு சூரியனிலிருந்து நேராக வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. தகரம் மறைத்தது சூரியனை. கடைக்கு எதிரே வெற்றிடம், அதற்கு அப்பால் துறைமுகம், அதற்கு அப்பால் கடல். மறைப்பே இல்லாமல் அரை வானம் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை. எதிரே இருக்கும் வெள்ளைக் காம்பவுண்டுச் சுவரில் பட்டுத் தெறிக்கிறது என்றார். தலையைச் சுவரைப் பார்க்க ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன், எண் ரொம்பக் குறைவு. வெள்ளை எமல்ஷனில் இருப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு, கண்ணுக்கு வெள்ளை, புற ஊதாவுக்கு ஏறக்குறைய கறுப்பு. கடல் மினுமினுப்பா என்றார். அமைதியான தண்ணீர் பத்து சதவீதம்கூடத் திருப்பி அனுப்பாது. அலை நுரை 25, உலர்ந்த கடற்கரை மணல் 15 என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. கருங்கல் கொட்டிய இந்தக் கரையில் மணலும் அவ்வளவாக இல்லை.

இதற்குள் கடற்காற்று எழுந்துவிட்டது. ஒரு மணி வாக்கில் காசிமேட்டில் அது வந்தால் சட்டை காய்ந்துவிடும், வெயிலே தணிந்தது மாதிரி இருக்கும். பையன் ஆர்வமாகப் பார்த்தான், மீட்டர் அசையவில்லை. வெக்கை வேறு, புற ஊதா வேறு. வெக்கை உச்சிப்பொழுது தாண்டி ஏறும், கடற்காற்று வந்தால் இறங்கும். புற ஊதா சூரியனின் உயரத்துக்குத்தான் கட்டுப்படும்.

பக்கத்துக் கடை இன்ஜின் பட்டறை. அவர்கள் முன்பக்கத்துக்குப் பால்நிறப் பாலிகார்பனேட் கூரை போட்டிருக்கிறார்கள். உள்ளே நின்றால் கண் கூசுகிறது, அனல் வேறு. “அங்க வச்சா கயிறு ஒரு வாரம் தாங்காது” என்றார் அண்ணன். லக்ஸ் முப்பதாயிரம், தகரத்தடி வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மீட்டரில் 0.03. பட்டறையின் பக்கவாட்டுத் திறப்பு வழியாக வந்ததாகத்தான் அதுவும் இருக்க வேண்டும், நான் கையால் அந்தப் பக்கம் மறைத்தபோது பாதியாகக் குறைந்தது. அண்ணன் மீட்டரை வாங்கித் தானே பட்டறைக்கும் கடைக்குமாக நடந்து பார்த்தார். வெளிச்சமான பந்தலில் பூஜ்யம், மங்கலான நிழலில் 0.9. அதற்குப் பிறகு அவர் சப்ளையரைப் பற்றிப் பேசவில்லை, கொஞ்ச நேரத்துக்கு.

பட்டறையில் வெல்டிங் செய்கிறவர் ஒரு கோரிக்கை வைத்தார். எத்தனை அடி தள்ளி நின்றால் கண் எரியாது என்று அளந்து சொல்லச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வெல்டிங் ஆர்க்கிலிருந்து, 280 நானோமீட்டருக்குக் கீழே உள்ள யூவிசியும் கொட்டும். கண்ணின் மேற்பரப்பை மிக அதிகமாகக் காயப்படுத்துவது 270 நானோமீட்டரைச் சுற்றிய பகுதி, என் மீட்டர் 290-க்குக் கீழே குருடு. அது குறைவாகக் காட்டும், அதை நம்பி ஹெல்பர் பையன் பக்கத்தில் நின்றால் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தித் தூக்கமில்லாமல் கிடப்பான். கேன் தண்ணீர் பிளான்டுகளில் கிருமி கொல்ல வைத்திருக்கும் 254 நானோமீட்டர் விளக்கும் இதே கதைதான். அந்த விளக்கில் 313-லும் 365-லும் மெல்லிய கோடுகள் இருப்பதால் இந்த மீட்டர் ஏதோ கொஞ்சம் காட்டும், ஆளுக்குத் தைரியம் வந்துவிடும். எந்த யூவி மீட்டராக இருந்தாலும் முகப்பில் உள்ள நானோமீட்டர் எண்ணைப் படித்துவிட்டுத்தான் திரையைப் படிக்க வேண்டும்.

நடுப்பகல் எண் கையில் இருக்கிறது, நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? நாள் பூரா நான் அங்கே நிற்க முடியாது. ஜி.யூ.வி.ஏ-எஸ்12எஸ்.டி. என்ற சின்ன சென்சார் பலகை ஒன்றை ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் இணைத்து, மெமரி கார்டில் எழுதும்படி செய்து சுருள்களுக்கு நடுவே கட்டினேன். அந்தப் பலகை புற ஊதாவுக்கு ஏற்ப வோல்டேஜ் கொடுக்கும். வெயிலிலேயே ஒரு வோல்ட்டைச் சுற்றித்தான் வரும். ஆர்டுயினோ வோல்டேஜைப் படி படியாகத்தான் எண்ணும். அதை வழக்கமான 5 வோல்ட் ஒப்பீட்டில் விட்டால் ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட், நிழலில் இருக்கும் சின்ன அளவெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீட்டுக்கு மாற்றினால் ஒரு படி 1 மில்லிவோல்ட்டுக்கு வந்துவிடும்.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரி சென்சாரை மழைக்குப் பயந்து மூடி தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துவிட்டு, எண் வரவில்லையே என்று தேடுகிறவர்கள் நிறைய. மூடி பாலிகார்பனேட்டாக இருந்தால் உள்ளே எதுவும் வராது. ஜன்னல் கண்ணாடியை ஒட்டினால் யூவிஏ பெரும்பாலும் வரும், யூவிபி வராது. என் மீட்டரில் நாலு மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு வைத்துப் பார்த்தபோது எண் மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறைந்தது. டப்பா மூடியில் துளை போட்டு, மிச்சமிருந்த டெஃப்லான் தகட்டை இறுக்கமாகப் பொருத்தினேன். தண்ணீரும் புகாது, கதிரும் தடைப்படாது.

பதிவை விரித்துப் பார்த்தபோது எதிர்பார்த்த மாதிரி காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றரை வரை ஒரு மொட்டைக் குன்று, மேலே கிட்டத்தட்ட சமதளம். அதோடு, காலை ஏழு மணியை ஒட்டி ஒரு சின்னப் புடைப்பு, மாலை ஐந்தை ஒட்டி இன்னொன்று. முதலில் லாரி ஹெட்லைட்டோ என்று நினைத்தேன், அதில் ஏது புற ஊதா. நேர்வெயில்தான் அது. மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. ஏப்ரல் கடைசியில் அந்தச் சாய்வு 13 டிகிரிக்கு மேல். வடக்குப் பார்த்த கடை வாசலில் காலையிலும் மாலையிலும் வெயில் தகரத்துக்கு அடியில் பக்கவாட்டாக நுழைந்து சுருளை நக்கிவிட்டுப் போகிறது. கடை ஆறு மணிக்கே திறந்துவிடும். வீச்சமும் ஐஸ் லாரியுமாகத் தெரு பரபரப்பாக இருக்கும் நேரத்தில் அதை யார் பார்ப்பார்கள்?

ஆனாலும் புடைப்புகள் சின்னவை, நாள் மொத்தத்தில் அவற்றின் பங்கு குறைவு. குன்றுதான் கயிற்றைத் தின்கிறது. தோராயமாகக் கணக்குப் போட்டால், ஐந்து மாதம் முகப்பில் விற்காமல் கிடந்த சுருள் ஒரு மாதம் மொட்டை வெயிலில் கிடந்ததற்குச் சமம்.

தீர்வுகளைப் பற்றிப் பேசினோம். கடைக்குள் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் 0.1. உள்ளே இடமில்லை. பச்சை நிழல் வலையை முன்னால் தொங்கவிட்டால் குறையும், கூடவே கடையும் தெரியாது. தெளிவான பாலிகார்பனேட் தகட்டைக் கதவு மாதிரி மாட்டலாம். சரக்கு தெரியும், புற ஊதா வராது. ஆனால் அந்தத் தகடு தானே புற ஊதாவில் மஞ்சளிக்கும், ஒரு பக்கம் மட்டும் காப்புப்பூச்சு இருக்கும், அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பிலிமில் எந்தப் பக்கம் என்று அச்சிட்டிருக்கும். மாட்டுகிற ஆள் வேலைக்கு முன்னாலேயே பிலிமை உரித்துவிட்டால் அப்புறம் கண்டுபிடிப்பது பாடு.

கடைசியில் அண்ணன் காசு செலவில்லாத வழியைப் பிடித்தார். ஈயக்குண்டு, நங்கூரம், சங்கிலி, ஷேக்கிள் எல்லாம் முன்னால் வந்தன. கறுப்புக் கயிறு அதற்குப் பின்னால். கறுப்புக்குக் கார்பன் கரிதான் நிறம் கொடுக்கிறது, அதுவே கதிரை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும். நீலம், ஆரஞ்சு, நைலான் நூல் எல்லாம் உள்சுவர் ஓரம். நிறம் காட்டாமல் வியாபாரம் ஆகாது என்று ஒரே ஒரு நீலச் சுருளை மட்டும் முகப்பில் தொங்கவிட்டிருக்கிறார், “அது ஷோவுக்கு, விக்கிறதுக்கில்ல.” உள்சுவர் ஓரம் அளந்தேன். கதவு இரண்டும் விரியத் திறந்திருக்கும்போது 0.05.

சப்ளையர் வழக்கு மட்டும் இன்னும் மூடவில்லை. பழைய சுருளின் உள்சுற்றுகள் நல்ல கயிறாகவே இருந்தன, ஆக நார் அடிப்படையில் மட்டமில்லை. ஆனால் புற ஊதாவைத் தாங்குவதற்கான ஸ்டெபிலைசரைக் குறைத்திருக்கிறார்களா என்பது மீட்டரில் தெரியாது. அதனால் இரண்டு சப்ளையர்களின் நீலக் கயிற்றிலும் கை நீளத் துண்டுகள் வெட்டி, தண்டையார்பேட்டையில் என் மொட்டை மாடிக் கம்பியில் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பாதி நீளத்துக்குப் பாலிகார்பனேட் மூடி, மீதி திறந்தவெளி. சூடும் ஈரமும் இரண்டு பாதிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கதிர் மட்டும் வேறு. மழை தொடங்கும் முன் அவிழ்த்து, ஒரே கனத்தில் ஒரு இழையாகப் பிரித்து, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டி அறும்வரை இழுக்க வேண்டும். அண்ணன் இப்போதே எந்தத் துண்டு எந்தச் சப்ளையருடையது என்று கேட்கிறார். இழுத்து முடிக்கும்வரை சொல்வதாக இல்லை.